வாளித் தோட்டத்துக்குக் கவ்வாத்து

மலையகத்து நோர்வூட்டில் என் ஹார்டுவெயார் கடைக்கு மேலே ஒரு கொங்கிரீட் தட்டு இருக்கிறது. ஆறு பேர் தாராளமாக நிற்கலாம். ஏழாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கணும். எனக்கு வாய்த்த தோட்டம் அவ்வளவுதான். அதில் நான் இருபத்திரண்டு வாளியில் மரக்கறி போட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். எவனிடமும் யோசனை கேட்கவில்லை. காலியான பெயின்ட் வாளிகளின் அடியில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டேன். எதிர்த்த தேத்தண்ணிக் கடையில் கொட்டுகிற சக்கையைக் காயவைத்து, மண்ணோடும் மாட்டெருவோடும் கலந்தேன். தக்காளி, கத்தரி, போஞ்சி, ஒரு வாளியில் பூசணி எல்லாம் நீயா நானா என்று கிளம்பின.

என் மகளைக் கட்டிக்கொடுத்தது வலப்பனையில். சம்பந்திக்கு அங்கே மரக்கறித் தோட்டம், அதனால் வாய் கொஞ்சம் நீளம். "டவுன்ல இருக்கிறவங்க பாவம், கீரைக்குக்கூட கடைக்கு ஓடணும்" என்றார் ஒருநாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அடுத்த மாசம் வாங்க சம்பந்தி. அரிசி, தேங்காய் தவிர கடையில ஒரு இலைகூட வாங்காம உங்களுக்குச் சோறு போடுறேன்."

"ஒரு இலைகூட?"

"ஒரு இலைகூட!"

அவர் வருவதற்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் என் கை சும்மா இருக்கவில்லை. செடிகள் ஒன்று உசரமும் ஒன்று கட்டையுமாக நின்றது கண்ணுக்கே ஆகவில்லை. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற கவ்வாத்து வேலையில், இளவட்டத்தில் நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்திலே என்னை அடிக்க ஆள் கிடையாது. நான் வெட்டிய மலை நூல் பிடித்தது மாதிரி இருக்கும் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவே சொல்லியிருக்கிறார். வெட்ட வெட்டத்தானே தழையும்? கத்தியைத் தீட்டினேன். அரைமணி நேரத்தில் இருபத்தொரு வாளியும் ஒரே மட்டம். பார்க்க என்ன அழகு! பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் ஏறிப்போன பூசணிக்கொடி மட்டும் கைக்கு எட்டாமல் தப்பித்தது.

இருபது வருசம் கொழுந்து பறித்த என் வீட்டுக்காரி மேலே வந்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏங்க, பூவும் பிஞ்சுமா நின்னுச்சே!"

"தழைஞ்சு வரும், பாரு."

"வரட்டும், வரட்டும். கொழுந்து பறிச்சு பெக்டரிக்கு அனுப்புவோம்."

"சம்பந்தி வர்றதுக்குள்ள காய்ச்சிடும்."

"எந்த வருசம் வர்றாராம்?"

சம்பந்தி சொன்ன நாளிலேயே வந்துவிட்டார், கரட்டும் லீக்சும் கோவாவும் அடைத்த ஒரு சாக்கோடு. "எதுக்கும் இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன்" என்று சிரித்தார். நான் சாக்கைக் கதவு மூலையில் தள்ளினேன். போஞ்சி அதற்குள் செத்திருந்தது. தக்காளியும் கத்தரியும் துளிர்தான் விட்டிருந்தன.

ஆனால் என் வீட்டுக்காரி காலையிலேயே ஏணி வைத்துத் தகரத்தில் ஏறி, இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கிற மாதிரி பறித்து இறங்கியிருந்தாள். சாப்பாட்டுத் தட்டில் பூசணிக்காய்க் கறி, பூசணிக் கொழுந்துச் சுண்டல், பூசணிப் பூப் பொரியல்.

சம்பந்தி தட்டைச் சுற்றிப் பார்த்தார். "அந்தப் பக்கம் பூசணி, இந்தப் பக்கம் பூசணி. நடுவுல இருக்கிறது சோறுதானே?"

"கடையில வாங்கின இலை இருந்தா காட்டுங்க சம்பந்தி!"

அவர் கறிக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். கறிவேப்பிலை.

"அப்ப இது?"

எங்கள் குளிருக்குக் கறிவேப்பிலை வாளியில் வருமா? வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

அவள் இன்னொரு அகப்பைக் கறியை அவர் தட்டில் ஊற்றினாள். "அது நீங்க கொண்டாந்த சாக்குல இருந்துச்சுங்க, அண்ணே."

"அப்படியா? எங்க வீட்டுல சொருகி அனுப்பியிருப்பாங்க" என்று தலையை ஆட்டிவிட்டு அவர் சாப்பிடத் தொடங்கினார்.

கதவு மூலையில் சாக்கின் வாய் தைத்தது தைத்தபடியே இருந்தது. நான் தட்டோடு எழுந்துபோய் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.