ஐந்தாம் மாடியும் டீக்கடை மலையும்

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் நானும் மனைவியும் குடியிருந்தோம். மூன்றாம் மாடியில் ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி. அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர். நான் சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு கிடங்கில் மருந்துப் பெட்டி அடுக்குபவன். அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கும்போது பழக்கமானோம். ஒருநாள் இயந்திரம் சுற்றி முடிவதற்குள் என்னை இமயமலைக்குச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

“டெண்ட் எல்லாம் தூக்க வேண்டாம் சார். மலை முகட்டுல வழி நெடுக டீக்கடை. டீ, சாதம், பருப்பு, படுக்க இடம் எல்லாம் அங்கேயே. நம்ம ஊர் டீக்கடைதான், என்ன, கீழ குனிஞ்சா மேகம் தெரியும். நாலே நாள் நடை.”

என் வாய் சும்மா இருக்குமா? “ஊரில கோயில் கோபுரத்திலயே ஏறித் திரிஞ்ச ஆள் நான், அண்ணை” என்று அளந்துவிட்டேன். உண்மையில் எங்கள் பல்கனிக் கம்பிக்குக் கிட்டக்கூட நான் போவதில்லை. உடுப்புக் காயப்போடுவது மனைவிதான்.

அது அவருடைய மாணவப் பருவத்து ஆசை. தனியாகப் போக அவர் மனைவி விடவில்லை. நான் துணை என்றதும்தான் தலையாட்டினார். சனிக்கிழமைகளில் அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, எந்தக் கடையில் படுப்பது என்று பேசுவோம். முதுகுப்பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு மோன் ரோயால் குன்றின் படிகளில் ஏறிப் பழகினோம். நான் கைப்பிடியை விடாமல் ஏறியதை அவர் கவனிக்கவில்லை.

பிறகு யாரோ எடுத்த புகைப்படங்களைக் கொண்டுவந்தார். மதில் மேல் நடப்பது போன்ற பாதை, இரண்டு பக்கமும் பள்ளம். பள்ளம் தெரியாதபடி இரண்டு ஓரத்தையும் பெருவிரல்களால் மறைத்துப் பிடித்தேன்.

“டிக்கெட் போட்டுடலாமா சார்?”

பயம் என்று சொல்ல மானம் விடவில்லை. வேலை, லீவு என்று எதைச் சொன்னாலும் அவர் ஒரு வழி கண்டுபிடிப்பார். எந்தத் தமிழனும் மறுகேள்வி கேட்காத காரணம் ஒன்றுதான் இருந்தது.

“இல்லை அண்ணை, வீட்டில அவ முழுகாமல் இருக்கிறா.”

பெண்சாதி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் மலை ஏறக்கூடாது. எங்கள் ஊரிலும் அதுதான், அவர் ஊரிலும் அதுதான். அவர் முகமெல்லாம் சிரிப்பானது. “அடடா! அப்ப மலைப் பேச்சே வேண்டாம் சார்” என்று வரைபடத்தை அந்த இடத்திலேயே மடித்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எங்களுக்குக் கலியாணமாகி எட்டு வருடம். பிள்ளை இல்லை. ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். மூன்றாம் மாடி அம்மா, ஒரு கையில் எலுமிச்சம் சாதம், மறுகையில் கண்ணாடி வளையல்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ! எத்தனை மாசம்?”

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மேசையடியில் இருந்த என் முதுகுப்பையைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

“இப்பத்தான் அக்கா” என்று கையை நீட்டினாள்.

வளையல்கள் ஒவ்வொன்றாக ஏறின. அந்த அம்மா அவள் கன்னத்தைத் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். நான் சுவரோடு சுவராக நின்றேன். அந்தச் சுவருக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது.

கதவு சாத்தியதும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“பயமா இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே” என்றாள். “எனக்குத் தெரியாதோ உங்கட பயம்?”

“நான் வந்து...”

“விடுங்கோ. இப்ப போய் உண்மையைச் சொன்னா அவைக்கு முன்னால உங்களுக்குத்தான் வெக்கம். கொஞ்ச நாள் போகட்டும். பேந்து கலைஞ்சு போச்சுதெண்டு நான் அக்காட்டச் சொல்லுறன்.”

சொல்லிவிட்டு, வளையல் சத்தத்தோடு எனக்குச் சாதம் போடத் தட்டை எடுத்தாள்.

நான் சப்பாத்தைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன்.