போஞ்சிச் செடி பயந்தால்

ரிஸ்வானா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, என் மகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். காலையில் நெஞ்சு நோவுகிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். வாறதுன்டா வெள்ளனக்கே வாங்க" என்றார் தம்பி. பிள்ளை வாயை எடுத்துவிட்டு அழத் தொடங்கினாள். பால் நின்றுபோயிருந்தது. ரிஸ்வானாவுக்காக அழுவதற்கு முன் எனக்கு வந்தது பிள்ளைக்குப் பால் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான். அவரைத் தெரிந்தவர்கள் இதற்காக என்னைக் கோபிக்கமாட்டார்கள். அந்தப் பயத்தை நான் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

ஹந்தானை மலைச் சரிவிலுள்ள ஆய்வுகூடத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. இலையில் உண்டாகும் சீனி வேருக்கும் காய்க்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. கலத்தின் சவ்வில் பதிந்திருக்கும் சில புரதங்கள் அந்தச் சீனியைத் தண்டு வழியே செல்லும் சல்லடைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகின்றன. சீனி சேர்ந்த இடத்துக்கு நீர் வருகிறது, அழுத்தம் கூடுகிறது, சாறு ஓடுகிறது. அந்தச் சாற்றில் ஒரு துளி எடுப்பதுதான் பெரும்பாடு. கத்தி பட்டால் செடி குழாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே செடியில் அசுவினிப் பூச்சியை விடுவோம். அது தன் ஊசி வாயைச் செடிக்குத் தெரியாமல் குழாயில் இறக்கியதும், நுண்காட்டியின் கீழ் உடலைத் துண்டித்து எடுத்துவிடுவோம். மிஞ்சிய ஊசி வழியே சாறு கசியும்.

அசுவினி அதிர்வு தாங்காது. கதவு அடிபட்டால் வாயை உருவிக்கொண்டு நடந்துவிடும். அதற்காக ரிஸ்வானா தன் பழைய சால்வை ஒன்றை மடித்துக் கதவின் ஓரத்தில் கட்டிவைத்திருந்தார். பூச்சி குடிக்கத் தொடங்கும்வரை அறையில் ஒருவரும் இருக்கக்கூடாது. "பாத்துக்கிட்டு நிக்க வாணாம். நம்மட மூஞ்சியப் பாத்துக்கிட்டு அதுக்குத் தின்ன ஏலுமா?" என்பார். எங்கள் பேராசிரியரையும் ஒரு நாள் அப்படித்தான் வெளியே அனுப்பினார். அவர் தேநீர்க் கோப்பையோடு நடையில் நின்று, "இது என்ட ஆய்வுகூடம்தானே?" என்று என்னிடம் கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஓ சேர், மெதுவாப் பேசுங்க."

இன்னொரு நாள் ஒரு போஞ்சிச் செடியின் இலை நுனியைத் தீக்குச்சியால் சுட்டுவிட்டு, என்னை நுண்காட்டிக்குள் பார்க்கச் சொன்னார். சல்லடைக் குழாய்க்குள் மெலிந்து நீண்டு கிடந்த ஒரு புரதக் கட்டி சட்டென்று உப்பி வழியை அடைத்தது. காயத்தின் செய்தி வந்ததும் குழாய்க்குள் கல்சியம் பாய்கிறது, அதுதான் கட்டியை உப்பவைக்கிறது. போஞ்சி, பயறு போன்ற அவரை இனத்துச் செடிகளுக்கே உள்ள ஏற்பாடு இது.

"செடி இனி அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"பொறு புள்ள."

கண் நோகும்வரை பார்த்திருந்தேன். கல்சியம் வெளியேற வெளியேறக் கட்டி மெல்லச் சுருங்கியது. சாறு மறுபடி ஓடியது.

"அடைச்சது தப்பில்ல. அடைக்காட்டி சீனியெல்லாம் ஒழுகிப் போயிடும். பயம் போனா தன்னால தொறக்கும். நாம போய்க் கிண்டினாத்தான் திரும்ப அடைக்கும்."

மகள் பிறந்த பிறகு இந்தப் பேச்சு வேறு விதமாக என்னிடம் வந்தது. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது அவளுடைய எடை, வளர்ச்சி அட்டையில் இருக்கவேண்டிய கோட்டுக்குக் கீழே நின்றது. "பால் குடுக்கிறீங்களா இல்லையா?" என்று மருத்துவ மாது கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் மாமியார் கட்டிலுக்கு ஒரு பக்கம், கணவர் மறுபக்கம். "குடிக்குதா? எறங்குதா?" நான் பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மார்பு கனத்திருந்தும் பால் இறங்காது. பிள்ளை மெலிந்துகொண்டே போய் ஒரு நாள் அழுவதற்கும் தெம்பில்லாமல் கிடப்பாள் என்றே மனம் ஓடும்.

தன் ஊரான அக்குறணையிலிருந்து பஸ் ஏறி ரிஸ்வானா வந்தார். ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டு, "மாமி, நீங்க அடுப்பப் பாருங்க" என்றார்.

"அடுப்புல ஒண்ணும் இல்லியே" என்றார் மாமியார்.

"அப்ப எனக்கு ஒரு பிளேன்டீ ஊத்துங்களேன்."

கணவரைக் கண்ணாலேயே வெளியேற்றினார். பிறகு ரிஸ்வானாவும் போய்விட்டார், ஒரு துவாய்த் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு. யாரும் பார்க்காத அந்த அறையில் பால் இறங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளிலும் அழைப்பார். "கோடு எங்க நிக்குது?" கோடு மேலே வரத்தான் செய்தது, மிக மெதுவாக.

அவர் போன செய்தியால் நின்ற பால் மதியம்வரை வரவில்லை. "பச்சப் புள்ளய சாவு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாத" என்றார் மாமியார். பசியோடு விட்டுப்போகவும் எனக்குத் துணிவில்லை. முச்சக்கர வண்டியில் கட்டுகஸ்தோட்டை தாண்டும்வரை வீறிட்டு அழுதவள், அக்குறணையில் அடங்கிவிட்டாள். அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அந்த வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ரிஸ்வானாவின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை என் தோளில் சோர்ந்து கிடந்ததை அவரைப் பெற்ற உம்மா கவனித்திருக்க வேண்டும். வீங்கிய கண்களோடு எழுந்து வந்து, என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். கூடவே வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் போங்க. பாத்துக்கிட்டு நிக்க வாணாம்" என்றார். தலையிலிருந்த முக்காட்டின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து, கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்.

வெளியே ஓதும் சத்தம் கேட்டது. நான் அப்போதுதான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குனிந்து பார்த்தபோது மகள் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம் மறுபடி கிளினிக். கோடு கீழே இறங்கியிருக்குமோ என்ற பயம் இப்போதே வந்துவிட்டது. எங்கே நிற்கிறது என்று கேட்க அழைப்பு வராது. பயத்தை அவர் என்னிடமிருந்து எடுத்துவிடவில்லை. அது வரும், அடைக்கும், அப்போது கிண்டாமல் இருக்கவேண்டும் என்பதைத்தான் விட்டுப்போயிருக்கிறார். எங்கள் அறைக் கதவின் ஓரத்தில் ஒரு துணியை மடித்துக் கட்டியிருக்கிறேன். பால் கொடுக்கும் நேரத்தில் மாமியார் இப்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறார்.