மாலிஷ்காரி வந்த குளிர்காலம்

என் உடம்பில் இருப்பதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. எழுபதுகளின் கடைசியில், டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கணவரோடும் மாமியாரோடும் இருந்தபோது, அதற்குப் பெயர் 'ஒன்றுமில்லை'. டிஸ்பென்சரி டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சப் டீக் ஹை, டென்ஷன் மத் லோ" என்றார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். சரி, டென்ஷன் வேண்டாம். ஆனால் தோளில் யாராவது கை வைத்தாலே ஏன் கண்ணில் நீர் வருகிறது? ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டு ஏன் மூட்டை சுமந்தவள் மாதிரி எழுந்திருக்கிறேன்? அதையெல்லாம் கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஹோமியோபதி உருண்டை தின்றேன். ஊரிலிருந்து வந்த தைலத்தைப் பூசிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்தும்படி நாறினேன். குளிர் வந்தால் எல்லாம் இரட்டிப்பாகும். "பிள்ளை குட்டின்னு இருந்தா வலியை நெனைக்க நேரம் இருக்காதுல்லா" என்றார் கணவர். கெட்டவர் இல்லை. சலித்துப் போயிருந்தார்.

மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான் மாலிஷ்காரியை அனுப்பிவைத்தாள். எங்கள் வரிசையில் உடம்பு பிடித்துவிடுகிறவள் வந்தால் அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். வந்தவளும் உள்ளே எட்டிப் பார்த்து, "பச்சா கிதர் ஹை?" என்றாள். குழந்தை இல்லை, வலி மட்டும்தான் என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன். அவளுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. கடுகெண்ணெயைக் கொட்டி, பிள்ளை பெற்றவளைப் பிசைகிற வேகத்தில் பிசைந்தாள். மறுநாள் என்னால் எழுந்து உட்கார முடியவில்லை.

நான் அழுததைப் பார்த்த பிறகுதான் கையை இலேசாக்கினாள். இப்படித் தடவிக் கொடுப்பதற்கு நான் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே, பின்முற்றத்து வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மெதுவாக நீவினாள். பழக்கதோஷம், கடைசியில் அடிவயிற்றையும் இடுப்பையும் உருவிவிடாமல் எழுந்திருக்க மாட்டாள். நானும் விட்டுவிட்டேன். வலி போய்விடவில்லை. ஆனால் அவள் போன பிறகு கொஞ்ச நேரம் கையைத் தூக்கித் தலை பின்ன முடிந்தது. மத்தியானம் நிஜமாகவே தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காகத்தான் அந்தக் குளிர்காலத்தில் உயிரோடு இருந்தேன்.

அதைவிட ஆச்சரியம் மாமியார். நான் படுத்தால் பாத்திரத்தை நங்கென்று வைக்கிறவர், இப்போது தானே எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். பாதாம் அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தார். "எந்திரிக்காதளா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஒருத்தராவது நம்பிவிட்டார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அத்தைக்குப் புரிஞ்சிருக்கு" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவர் கட்டில் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏளா, இந்த மாசமும் நாள் தள்ளலியா?"

"என்ன அத்தை?"

"அதான், அவ வயித்தையும் இடுப்பையும் உருவி விடுதாள்லா. மாடி வீட்டுக்காரி மருமவ இப்பிடி உருவி விட்ட பெறவுதான் உண்டானாளாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இது வலிக்கு அத்தை. உடம்பு வலிக்குத்தான் வாரா."

கிண்ணத்தைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார். "வெறும் வலிக்கா?" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் கோபமே இல்லை. எண்ணெயைத் திரும்ப அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போனார். மாலிஷ்காரி வந்ததும், தனக்குத் தெரிந்த நாலைந்து இந்தி வார்த்தையில், "பஸ், கல் ஸே நஹி", போதும், நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கட்டிலில் இருந்து எல்லாம் கேட்டேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம்தான். எதற்காக வரச் சொல்கிறேன் என்று கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் இருந்தது 'ஒன்றுமில்லை' என்று சொன்ன அந்த எக்ஸ்ரே மட்டும்தான்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "பாவம் அம்மா, எம்புட்டு ஆசையா இருந்திருக்கா" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்கு ஆறுதல் சொல்லப் போனார்.