பிடித்து வைத்த தண்ணீர்

பவானியை விட்டுக் கிளம்பி, பெருந்துறை ரோட்டில் புளியமர நிழல் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நிரந்தர ஆளுக்கென்று ஒரு காக்கிக் கோட்டு வைத்திருந்தார்கள். அது இந்நேரம் என்னோடு கூலிக்கு நின்றவன் தோளில் ஏறியிருக்கும் என்ற நினைப்புதான் என் காலை வேகமாகத் தள்ளியது.

அந்தக் கோடையில் ஆறு வற்றி, சுற்று ஊர்களில் வாந்திபேதி கண்டிருந்தது. எங்கள் பக்கம் வருமுன்பே கிணறுகளுக்கு மருந்து ஊற்றிவிட வேண்டும் என்று டாக்டர் என்னையும் அவனையும் தினக்கூலிக்கு எடுத்தார். கோடை முடிந்ததும் ஒருவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நாலாம் வகுப்போடு நின்று, ஊர் ஊராகக் கூலிக்கு அலைந்த எனக்கு மாதச் சம்பளம் என்பது அதுவரை வாய்த்ததில்லை. அவனுக்கும்தான். ஆனால் அதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

வேலை கடினமில்லை. மருந்தை வாளித் தண்ணீரில் கரைத்து அந்திக்குக் கிணற்றில் ஊற்றிக் கலக்க வேண்டும். தண்ணீர் நாவல்பழச் சாறு போல ஆகிவிடும். விடிவதற்குள் நிறம் போய்விடும். அதுவரை யாரும் இறைக்கக் கூடாது. நான் ஊற்றிய தெருக்களில் எல்லாம் சண்டைதான்.

"ஏனுங்க, ராத்திரிக்குச் சோறாக்க ஒங்க ஊட்டுல இருந்தா தண்ணி வரும்?"

அவன் போன தெருக்களில் சத்தமே இல்லை. "வாங்க தம்பி, உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார்கள். ஒரு வீட்டில் அவனுக்கு எள்ளுருண்டை கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். அவன் என்னைவிட உயரமில்லை, படிப்புமில்லை. என்ன சொக்குப்பொடி போடுகிறான் என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு, அவன் மருந்து ஊற்றிய ஜமக்காள நெசவுத் தெருவில் ஒரு பெண்ணுக்கு வாந்திபேதி கண்டது. அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பினாயில் தெளிக்க நான் உள்ளே போனேன். சுவரோரம் குடம், அண்டா, தவலை எல்லாம் தளும்பத் தளும்ப நின்றன. எப்போது பிடித்த தண்ணீர் என்று கேட்டேன்.

"மருந்து ஊத்தறதுக்கு முன்னாலயே புடிச்சு வெச்சுக்கச் சொல்லி அந்தத் தம்பி மத்தியானமே வந்து சொல்லிப்போட்டாருங்க. தங்கமான புள்ளைங்க" என்றாள் அந்தப் பெண்ணின் மாமியார்.

சொக்குப்பொடி அதுதான். மருந்து கிணற்றில் கிடக்க, மருந்து படாத தண்ணீரைத் தெருவே குடித்துக்கொண்டிருந்தது. பினாயில் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் ஓடியதில்லை.

டாக்டர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் மறைக்கவில்லை.

"அம்மணிக மொகத்தப் பாத்தா மனசு கேக்கலீங்க."

"மனசு கேக்காமத்தான் ஒருத்தி அங்க படுத்துக் கெடக்கறா. ரெண்டு பேரும் போங்க. ஒரு ஊட்டுலயும் அந்தத் தண்ணி இருக்கக் கூடாது."

தெருவின் ஒரு சாரி வீடுகள் எனக்கு, எதிர்ச் சாரி அவனுக்கு. முதல் வீட்டிலேயே ஒரு கிழவி வாசலை மறித்துக்கொண்டாள்.

"நேத்து மருந்தக் கொட்டுனீங்க. இன்னைக்குத் தண்ணியக் கொட்டுங்கறீங்க. நாளைக்கு எங்களையும் கொட்டிப்போடுவீங்களாட்ட இருக்குதுங்க!"

தெருவே சிரித்தது. அடுத்த வீட்டில் கதவு சாத்திக்கொண்டது. எதிர்ச் சாரியில் அவன் குரல் கேட்டது. "அம்மணி, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. எம்மேல கோவம் வேண்டாம், கவுத்துப்போடுங்க."

கவிழ்த்தார்கள். வீட்டுக்கு வீடு, குடத்துக்குக் குடம், மறுபேச்சில்லாமல். தண்ணீர் தெருவில் ஓடி வந்து என் காலை நனைத்தது. அவன் சாரியை முடித்துவிட்டு என் சாரிக்கு வந்தான். எனக்குச் சாத்திய கதவுகள் அவனுக்குத் திறந்தன.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை. கோடை முடிந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்டுபுடிச்சது நீதான், இல்லேங்கல. ஆனா நீ சொல்லி ஒரு கொடம் கவுழலையேப்பா. அடுத்த வருசமும் வாந்திபேதி வரும். எனக்குக் கதவு தொறக்கற ஆளு வேணும்."

மூட்டையைக் கட்டும்போது அவன் வந்து நின்றான். "கோவிச்சுக்காதீங்கண்ணா. நீங்க பாத்துச் சொல்லலைன்னா நெறையப் பேரு போயிருப்பாங்க" என்றான். அவன் அப்படிச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏளனமாக ஏதாவது சொல்லியிருந்தால் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டாவது போயிருப்பேன்.

பெருந்துறைக்கு முன்னால் ஒரு வண்டிப்பேட்டையில் படுத்து எழுந்தேன். காலையில் பக்கத்துப் பஞ்சுக் கிடங்கில் ஆள் கேட்டார்கள். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காட்டுல வெளஞ்ச பஞ்ச வண்டில கொண்டாற பண்ணாடிககிட்ட நயமாப் பேசி எடை போடோணும். அதுக்கொரு ஆளு. பொதி மிதிக்க ஒரு ஆளு. நீ எதுக்கப்பா?"

எடை போடுகிறவனுக்குக் கூலி அதிகம். நான் மிதிக்கிறேன் என்றேன். தொங்கவிட்ட சாக்குக்குள் இறங்கி, மேலிருந்து கொட்டிய பஞ்சை மிதிக்கத் தொடங்கினேன்.