ஊதினால் வேலை போகும்

ஜெயசுதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நியாயமான கோபம் என்பேன். நுரையீரலைச் சோதிக்கும் பெரிய மெஷின் ஆஸ்பத்திரியைத் தாண்டி வராது; பஞ்சுத் தூசியில் உழலும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களோ ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார்கள். அதனால் தன் பிஎச்.டி. ஆராய்ச்சியில், கைக்குள் அடங்குகிற, விலை குறைந்த ஒரு கருவியைச் செய்திருக்கிறாள். குழாயில் ஓங்கி ஊத வேண்டும். பச்சை எரிந்தால் பயமில்லை. சிவப்பு எரிந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு வீரபாண்டியில் ஒரு கம்பெனிக்குப் போனாள். போனது திங்கட்கிழமை, அதுதான் வினை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை குடித்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வரும் நாள். மேனேஜர் கிட்டுசாமி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "மேடம் வந்திருக்காங்க, ஒவ்வொருத்தரா ஊதுங்க" என்றார். ஊது என்றால் போலீஸ்காரர் நீட்டும் மெஷின்தானே ஞாபகம் வரும்? வாடை தெரிந்துவிடக் கூடாதென்று, டீயை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதினார்கள். வரிசையாகச் சிவப்பு.

"சரக்கு அடிச்சீங்களான்னு பாக்க நான் வரலீங்க! நெஞ்சு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேனுங்க. ஓங்கி ஊதுங்கண்ணா!" என்று கத்தினாள். எவ்வளவு கோபத்திலும் அந்த 'ங்க' மட்டும் அவளை விட்டுப் போகாது.

மறுபடி ஊதினார்கள். பச்சை எரிய ஆரம்பித்தது. அழகுமலைக்கு மட்டும் எத்தனை முறை ஊதியும் சிவப்பு. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்; துணியை பிரஷ் போட்டு மெத்தென்று ஆக்கும் மெஷினில், பஞ்சுத் தூசிக்குள்ளேயே நிற்பவர்.

"நாளையிலிருந்து நீ வேண்டாமப்பா. ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு" என்றார் கிட்டுசாமி.

"லேசாச் சளி, அவ்வளவுதான் சார். வேலையை விட்டு மட்டும் நிறுத்திராதீய" என்று அழகுமலை கும்பிட்டார்.

ஜெயசுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைத்தியம் கிடைக்கட்டும் என்று செய்த சாமான், ஆளைத் துரத்தவா? தூசியைக் கொடுத்தது கம்பெனி, தண்டனை அதைத் தின்றவருக்கா? என்ன அநியாயம் இது!

குழாயில் வாய் வைக்கும் முனையை மாற்றி மேனேஜரிடம் நீட்டினாள். "நீங்களும் இதே தூசியிலதானுங்க இருக்கீங்க. ஊதுங்க சார்."

அத்தனை பேரும் பார்க்கிறார்கள். தட்ட முடியாமல் ஊதினார். சிவப்பு. "மெஷின் கோளாறுங்க" என்று சிரித்தார். மறுபடி ஊதினார். சிவப்பு, கூடவே இருமல்.

"இப்ப யார நிறுத்துவீங்க?"

கிட்டுசாமி அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அதுவரை மேடம் போட்டவர், குரலை இறக்கி, "கண்ணு, இது மொதலாளி காதுக்குப் போயிராமப் பாத்துக்கங்க" என்றார்.

அழகுமலையைப் போலவே அவரும், இதற்கு மருந்து என்ன என்று கேட்கவில்லை.