பேரூராட்சி ஓட்டலும் பிறப்பு இறப்புப் பிரிவும்

ஓட்டல் தொழிலில் வாடிக்கையாளர்தான் முதலாளி என்பார்கள். பேரூராட்சி நடத்துகிற ஓட்டலில் ஊரில் ஓட்டுப் போடுகிற அத்தனை பேரும் முதலாளி. அரசு அலுவலகங்களில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, ஒரே ஒரு மேலதிகாரியை வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்கிறீர்களே, என் பாட்டையும் கேளுங்கள்.

நாமக்கல் பக்கத்தில் இருக்கிற எங்கள் பேரூராட்சி, பஸ் ஸ்டாண்டில் கடைகள் கட்டி ஏலம் விட்டது. கடைசியில் இருந்த பெரிய கடையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் கழிப்பறை என்று மூக்கைப் பிடித்தார்கள். சும்மா பூட்டிக் கிடப்பானேன், நாமே ஓட்டல் நடத்தலாம் என்றார் செயல் அலுவலர். சமையலுக்கு மகளிர் குழுவிலிருந்து சரசக்கா வந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள, பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்த என்னை அனுப்பினார்கள். பொம்பளைப் பிள்ளை, சோறு குழம்பு தெரியாமலா இருக்கும் என்ற நினைப்பு.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள்தான் நான். அந்தக் கடை எங்கள் கையைவிட்டுப் போனபோது வீட்டில் உட்கார்ந்து அழுதேன். இப்போது பழைய நாற்காலிக்கே திரும்பிவிட்டேன். காலை பதினோரு மணியானால் சரசக்கா சாம்பார் தாளிக்கும் வாசனைக்கு இன்னும் மூக்கு ஏங்குகிறது.

உணவு இடைவேளை

கடை ஓட்டல் என்றாலும் நாங்கள் பேரூராட்சிப் பணியாளர்கள். ஆகவே அலுவலக நேரம்தான் எங்களுக்கும். மதியம் ஒன்றரைக்கு உணவு இடைவேளை. முதல் நாளே 'உணவு இடைவேளை' என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, நானும் சரசக்காவும் உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டோம். சிரிக்காதீர்கள். விதியை மீறினால் பதில் சொல்ல வேண்டியது நீங்களா, நானா?

மோகனூர் பஸ்ஸில் இறங்கிய ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். கையில் இலையோடு போய்த் திறந்தேன். அட்டையை ஒரு தரம் பார்த்தார், இலையை ஒரு தரம் பார்த்தார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"ஏனுங்கம்மிணி, பசிக்கிற நேரத்துல சாத்திப்போட்டுப் பசி ஆறுனதுக்கப்பறம் தொறக்கற ஓட்டலை இப்பத்தானுங்க பாக்கறேன்."

மறுநாள் அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். அதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.

சட்னியோடு சாக்கடையும்

பேரூராட்சிக் கடை என்று பெயர்ப்பலகை சொன்னதால், ஊர்க் குறையெல்லாம் எங்கள் மேசைக்கு வந்தது. இட்லி கேட்டவர் தெருவிளக்கு எரியவில்லை என்பார். குழாயில் வந்த கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, ரசத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியவரும் உண்டு. சரசக்காவுக்குக் கோபம் வரும். எனக்கு வராது, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொள்வேன்.

விசைத்தறி ஓட்டுகிற ஒரு அம்மா, வீட்டு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டதைச் சொல்ல நாள் தவறாமல் வந்தார். அலுவலகம் எதிரேதானே இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுத்தால் உடனே நடக்குமே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தேங்காய்ச் சட்னியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்:

"அங்க வந்தா நாளைக்கு வாங்கன்னு சொல்றீங்கோ. இங்க வந்தா உக்காருங்கன்னு சொல்றீங்கோ. நான் இங்கதானுங்க வாரேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்றது. சான்றிதழ் பிரிவில் என்னிடம் வருகிறவர்கள் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு வருவார்கள், அல்லது இழவு வீட்டிலிருந்து வருவார்கள். எப்படி வந்தாலும் எரிச்சலோடுதான் போவார்கள். ஓட்டலில் எரிச்சலோடு வந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு, முகம் தெளிந்து போனார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. எப்படியாவது அந்தக் கடையிலேயே இருந்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஆசைப்பட ஆரம்பித்தேன்.

அரிசிம்பருப்புக்கு ஒரு தீர்மானம்

செந்தில் என்று ஒரு ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போட வடக்கே போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். வண்டி கிளம்பும் முன் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். அரிசிம்பருப்புச் சோறு போடக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்துக் குழைய வேகவைக்கிற எங்கள் பக்கத்துச் சாப்பாடு. எல்லா வீட்டிலும் செய்வது. ஆனால் எங்கள் கடையில் புதுப் பண்டம் போட வேண்டுமென்றால் பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் வேண்டும்.

தீர்மானம் கொண்டுபோனோம். கவுன்சிலர்கள் குடிநீர் விஷயத்தை ஒத்திவைத்துவிட்டு இதைப் பேசினார்கள். பூண்டு தட்டிப் போடுவதா, முழுசாகப் போடுவதா என்பதில் ஆளும் கட்சியே இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் புதன்கிழமைதோறும், மேலே நெய்யுடன், ஏகமனதாக நிறைவேறியது. அதற்குள் செந்தில் ஒடிசா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் போன் பண்ணிச் சொன்னேன்.

அதன்பிறகு ஒரு மத்தியானம், கடையில் நிற்க இடமில்லாத நேரத்தில் அவரிடமிருந்து போன். பின்னால் ரிக் ஓடுகிற சத்தம். என்ன அவசரமோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. இன்னைக்குப் புதங்கெழமையாச்சே, தட்டத்துல போடற சத்தமாவது கேக்கலாம்னு கூப்பிட்டனுங்க."

போனை அணைக்காமல் பரிமாறுகிற இடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வடை

கடை ஓடத் தொடங்கியதும் கழிப்பறை வாடை யாருக்கும் அடிக்கவில்லை. ஏலம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பேரூராட்சிக்கு எதற்கு ஓட்டல் வியாபாரம் என்று சில கவுன்சிலர்கள் கேட்டார்கள். கடையைத் தனியாருக்கு விடுவதா வேண்டாமா என்று மன்றக் கூட்டம் வைத்தார்கள்.

மன்றக் கூட்டத்தில் எங்களைப் போன்ற பணியாளர்கள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் கூட்டத்துக்கு டீயும் வடையும் எங்கள் கடையிலிருந்துதான். வாய் பேசாததை வடை பேசட்டும் என்று நானும் சரசக்காவும் விடியுமுன்னே உளுந்து ஆட்டினோம். நானே தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடையை விட்டுவிட மாட்டார்கள் என்று முழுசாக நம்பினேன். பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அதே கையை ஏலத்துக்குச் சம்மதம் என்று தூக்கினார்கள். வெளியே வந்த ஒருவர் என்னைத் தேடி வந்து மனசாரப் பாராட்டினார்:

"வடை அருமைங்கம்மிணி. அடுத்த கூட்டத்துக்கும் நம்ம கடையிலயே சொல்லிப்போடுங்க."

வாடிக்கையாளர்

கடையை எடுத்தவர் நல்ல மனுஷன். சரசக்காவை வேலைக்கு வைத்துக்கொண்டார், கழிப்பறைப் பக்கம் சுவர் எழுப்பினார், எல்லாம் பளபளவென்று இருக்கிறது. குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. அதுதான் வருத்தம்.

வெகுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. போன மாதம் மனசு கேட்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். சரசக்கா உள்ளேயிருந்து பார்த்துச் சிரித்தார், வேலை மும்முரத்தில் வெளியே வர முடியவில்லை. என் இலையில் சோறு விழுந்தது. எதிர் மேசையில் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்த ஒரு பெண், யாராவது கவனிப்பார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீரும் வைத்து, "சோறு கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அக்கா, நீங்க சாப்பிட வந்தவங்கக்கா."

கரண்டி முதல் கல்லாப்பெட்டி வரை எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்தவரிடம் முறைப்படி ஒப்படைத்த எங்கள் பேரூராட்சி, பசித்த முகத்தைக் கண்டால் தானாக எழுந்து நிற்கிற என் இரண்டு கால்களை மட்டும் திருப்பிப் பிறப்பு இறப்புப் பிரிவுக்கே அனுப்பிவிட்டது.