ஒரு பிழைக்கு இரண்டு சொந்தக்காரர்

"மேற்படி மோதல் தொடர்பாக இரு வாகன உரிமையாளர்களும் தவறு தம்முடையதே என்று தனித்தனியாக எழுதிக் கையொப்பமிட்டுள்ளனர். ஆகையால் எந்தத் தீர்மானமும் எடுக்க முடியாதுள்ளது. பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெளிவுபடுத்தவும்."

காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் இது. திங்கட்கிழமை முற்பகல் 11.20க்குத் தபால்காரர் கொண்டுவந்து தந்தார். நேரத்தை உறையின் மூலையில் குறித்துவைத்தேன் – என் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

கார் இடிபட்டால் "உன்ட பிழை, உன்ட பிழை" என்றுதான் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். எங்கள் இருவருக்கு மட்டும் ஏன் இந்தத் தலைகீழ் வியாதி?

சொல்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை... கதாநாயகன் நானல்ல என்பது அதைவிட வெட்கக்கேடு.

மற்றக் காரின் சொந்தக்காரர் நசீர் மாஸ்டர். கிண்ணியாக்காரர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். எங்கள் துறைமுகத்தின் பழைய வரைபடங்கள், படங்கள் எல்லாம் தேடித்தேடிச் சேர்ப்பவர். நானும் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்த காலத்திலிருந்து அதே துறைமுகத்தைப் பற்றித்தான் நாட்குறிப்பு எழுதுகிறேன். எந்தக் கப்பல் வந்தது, எந்த நாள் மழை, பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்கு வாகனம் ஏற்றிய 'பாதை' என்ற மிதவைப் படகு எந்தெந்த நாளில் பழுதாகி நின்றது – எல்லாம் இருக்கிறது.

போன வருடம் இந்தப் பத்தியில் பாதை நின்ற ஒரு நாளைப் பற்றி எழுதினேன். புதன்கிழமை என்று எழுதினேன். நசீர் மாஸ்டர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். 'கட்டுரையாளர் மீது மிகுந்த மரியாதையுடன்' அது வியாழன் என்றார்.

என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வியாழன்தான். நானே எழுதியதை நானே பிழையாகப் பிரதி எடுத்திருக்கிறேன்!

அவருடைய கடிதத்தைப் பெட்டி கட்டிப் பிரசுரித்தார்கள். உங்கட பத்தியைவிட அது பெரிசு என்றாள் மனைவி. அடிமட்டம் வைத்து அளந்தேன். பெரிதில்லை. ஆனால் அளந்தேன்.

இப்போது மோதல் நடந்த சனிக்கிழமைக்கு வருவோம். உள்துறைமுக வீதியில் ஒரு மண்டபம். துறைமுகத்தின் பழைய இறங்குதுறைகள் பற்றி நசீர் மாஸ்டர் பேசினார். கதிரைகளை எண்ணினேன், எண்பத்துநாலு. ஒன்றுகூட வெறுமையாக இல்லை. அதே மண்டபத்தில் நான் பேசியபோது வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் ஒன்பது பேர் என் சொந்தம். இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

பேச்சு நன்றாக இருந்ததா? அதுதான் பிரச்சினையே. மிக நன்றாக இருந்தது. எங்காவது ஒரு நாள், ஒரு வருடம் பிழைக்காதா என்று கொப்பியும் பேனாவுமாக இருந்தேன். கொப்பி வெறுமையாகவே வீடு திரும்பியது.

தேநீருக்கு நிற்காமல் கிளம்பினேன். மண்டபத்துக்குப் பின்னால் சரளைக்கல் போட்ட வளவுதான் கார்த்தரிப்பிடம். இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று முதுகு காட்டியபடி. என் பழைய சிவப்புக் கார் ஒரு வரிசையில் நின்றது. அதற்கு நேர் பின்னால், மற்ற வரிசையில், நசீர் மாஸ்டரின் புது வெள்ளை ஹைபிரிட்.

ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டுப் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நசீர் மாஸ்டர் நின்றார், அவரும் தேநீருக்கு நிற்கவில்லை போலும். சுற்றி நாலைந்து பேர். ஒருவர் அவரோடு செல்ஃபி எடுக்கிறார். இன்னொருவர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டுகிறார். மாஸ்டர் காரின் கூரையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்! பிறகு ஏறி உட்கார்ந்து யன்னலுக்கு வெளியே கையசைக்கிறார், தேர்தலில் வென்றவர் மாதிரி.

அந்தக் கையைப் பார்த்தபடியே நான் பின்னால் எடுத்தேன். அவரும் எடுத்தார்.

டொம்.

பிற்பகல் 12.10.

அவருடைய பம்பரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். என்னுடைய டிக்கி உள்ளே போய், வலப்பக்க வெளிச்சம் தூள். இதிலுமா ஓரவஞ்சகம்?

நான் இறங்குவதற்குள் ஓடிவந்துவிட்டார். "அண்ணன், ஒண்டும் படல்லையே? கழுத்து கிழுத்து நோகுதா?"

என்னை எப்போதும் 'அண்ணன்' என்பார். நான் அவரைவிட மூப்பு எட்டே மாதம்.

"ஒண்டுமில்லை மாஸ்டர்."

"என்ட பிழை அண்ணன். பாக்காம எடுத்திட்டன்."

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து நடைமுறை ஒன்றைச் சொல்லவேண்டும். சின்ன மோதல் என்றால் யார் இடித்தது என்று ஆட்கள் கேட்பதில்லை. யாருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் என்றுதான் கேட்பார்கள். ஃபுல் உள்ளவர் பிழையை ஏற்றுக்கொள்வார். அவருடைய காப்புறுதியில் இரண்டு காரும் திருந்திவிடும். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ளவர் பிழையை ஏற்றால் மற்றவரின் கார் திருந்தும், அவருடையது நொறுங்கியபடியே நிற்கும். சட்டப்படி இது சரியா என்று கேட்காதீர்கள்... ஊரில் அப்படித்தான்.

நசீர் மாஸ்டருக்கு ஃபுல். எனக்குத் தேர்ட் பார்ட்டி. புத்தியுள்ளவன் என்ன செய்திருக்கவேண்டும்? "நன்றி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றிருக்கவேண்டும்.

"இல்லை மாஸ்டர், பிழை என்ட," என்றேன்.

"என்ன கதைக்கிறீங்க அண்ணன்? உங்களுக்குத் தேர்ட் பார்ட்டிதானே?"

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"காரைப் பாத்தாத் தெரியாதா ஐயா?" என்றார் கூட்டத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு முடிவெடுத்துவிட்டேன். மண்டபம் அவருக்கு, கைதட்டல் அவருக்கு, கையெழுத்தும் அவருக்கு. இப்போது பெருந்தன்மையையும் அவரே கொண்டுபோவதா? பிழையாவது எனக்கு இருக்கட்டும்!

இரண்டு காருக்கும் ஒரே நிறுவனம் என்பதால் ஒரே மதிப்பீட்டாளர்தான் வந்தார். பெயர் அருள், ஐம்பது வயதிருக்கும். கந்தளாய்ப் பக்கம் வேறொரு மோதலைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் நேரே வந்தார். நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கேட்டார், "சரி, ஆர்ட பிழை?"

"என்ட," என்றேன்.

"என்ட," என்றார் நசீர் மாஸ்டர்.

அருள் தலைக்கவசத்தைக் கழற்றினார். "ஐயாமாரே, எனக்கு இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகக் கிடக்கு. பகிடியை விட்டிட்டுச் சொல்லுங்கோ."

"பகிடி இல்லைத் தம்பி, நான்தான் இடிச்சனான்."

"அவர் மரியாதைக்குச் சொல்றார் தம்பி. நீங்க என்ட பேரைப் போடுங்க."

அருள் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் நகர வீதிகளில் மாடுபோல் திரியும் மான்களில் ஒன்று மதிலோரமாக நின்று, யாரோ எறிந்த சாப்பாட்டுத் தாளை மென்றுகொண்டிருந்தது. "ஒண்டு செய்வமா? மான் குறுக்கால வந்ததெண்டு போடுவம். இந்த ரவுணில அரைவாசி இடிபாடு அதுகளின்ட தலையிலதான் போகுது. ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

"மான் அந்த இடத்திலயே நிண்டது. 12.10க்கு முதலே நிண்டது," என்றேன்.

"ஓம், அது பாவம்," என்றார் நசீர் மாஸ்டர்.

அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அருள் ஆளுக்கொரு படிவத்தைத் தந்துவிட்டுத் தலையை ஆட்டியபடி போனார்.

லிங்கநகர் வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினேன். மனைவி டிக்கியைச் சுற்றிவந்து பார்த்தாள். அவளுக்கு முழங்கால் வருத்தம். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும். பஸ் படி ஏற ஏலாது. பின்வெளிச்சம் இல்லாத காரைப் பொலிஸ் மறிக்கும். ஆகவே இந்தப் பிழை யாருடையது என்பது அவளுடைய முழங்காலின் பிரச்சினையும்தான்.

"மனுசன் தானா முன்வந்து சொல்லியிருக்கு. நீங்கள் என்ன, மாட்டன் எண்டு அடம்பிடிச்சிட்டா வந்தனீங்கள்?"

"பொய் எழுத ஏலாது. பிழை என்ட."

"அது ஆருக்கும் தெரியும். நீங்கள் நேர்மையிலயா சொன்னனீங்கள்? அந்த மனுசன் தந்தா உங்களுக்குக் கை சுடும். இஞ்சாருங்கோ, எனக்கு முழங்காலில வருத்தம். உங்களுக்கு வேற எங்கயோ."

நாற்பது வருடம் கூடவே இருப்பவர்களிடம் வாதாடக்கூடாது.

படிவத்தில் 'சம்பவம் எவ்வாறு நிகழ்ந்தது' என்பதற்கு நாலு வரி விட்டிருந்தார்கள். நேரம், இடம், வானிலை எல்லாம் எழுதினேன். 'பின்னாலிருந்த வாகனத்தை நான் கவனிக்கவில்லை' என்று முடித்தேன். எதைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று படிவம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்ததுதான் அந்தத் திங்கட்கிழமைக் கடிதம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஓட்டோ பிடித்துப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன்.

"வாங்க அண்ணன், இரிங்க," என்று வரவேற்று முன்னறையில் இருத்தினார். சுவரோரமாக ஒரு நீள அலுமாரி. வரைபடங்கள் ஒவ்வொன்றும் கண்ணாடி உறைக்குள், ஒவ்வொரு உறையிலும் நாள், கிடைத்த இடம், கொடுத்தவர் பெயர். என்னுடையவை பழைய பிஸ்கட் பெட்டிகளில் கிடக்கின்றன. நான் முகத்தைத் தேநீர்க் கோப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"மாஸ்டர், மறைக்காமச் சொல்லுங்கோ. என்ட கார் திருந்தட்டும் எண்டுதானே உங்கட பிழை எண்டு எழுதினீங்கள்?"

"சேச்சே, அப்படியில்ல அண்ணன். உண்மையிலேயே என்ட பிழைதான். மகள் கட்டாரில இருந்து கோல் எடுத்தா, பேச்சு எப்பிடிப் போச்செண்டு கேக்க. ஒரு கையில போன். கதைச்சுக்கொண்டுதான் பின்னுக்கு எடுத்தன்."

கண்ணாடியில் நான் கண்டது யன்னலுக்கு வெளியே ஆடிய கையை. மற்றக் கையில் போன் இருந்ததா? நான் காணவில்லை. காணவில்லை என்பதால் இருக்கவில்லை என்றாகுமா?

"எத்தனை மணிக்கு எடுத்தவ?"

"அதெல்லாம் ஆருக்கு அண்ணன் ஞாபகம்?"

நாள், நேரம் ஒன்றும் தவறாத மனிதர். இது மட்டும் ஞாபகமில்லையாம்!

அதற்கு மேல் மறைக்க எனக்கும் மனம் வரவில்லை. "மாஸ்டர், நான் கண்ணாடியைப் பாத்தனான். ஆனால் உங்கட காரைப் பாக்கேல்லை. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"என்னையா? என்னில பாக்க என்ன இருக்கு?"

"ஆக்கள் சுத்தி நிண்டினம்... கையெழுத்தெல்லாம் வாங்கிச்சினம்."

பெரிதாகச் சிரித்தார். "அது ஒருத்தர்ட பேரனைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கிற விண்ணப்பம் அண்ணன். பிரதியை உறுதிப்படுத்தக் கையெழுத்து வேணுமெண்டு கேட்டார். நான் ஜே.பி.தானே."

நான் பொறாமைப்பட்டது ஒரு பள்ளி விண்ணப்பத்தைப் பார்த்தா! நிம்மதிப் பெருமூச்சு விடப்போனேன். அதற்குள் மற்ற விஷயம் மண்டையில் ஏறியது. இவர் சமாதான நீதவானுமா? நான் அதற்கு இரண்டு தடவை விண்ணப்பித்தவன்.

தெளிவுபடுத்தும் கடிதத்தை எழுதத் தொடங்கினோம். "என்ட பிழை எண்டு போடுவம்" என்று அவர். "என்ட பிழை எண்டு போடுவம்" என்று நான். இரண்டாவது தேநீரும் முடிந்தது. குசினியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "அவர் ஆளைப் பாத்தாராம், இவர் போனைப் பாத்தாராம். ரெண்டு பேரும் பின்னுக்குப் பாக்கல்ல எண்டு எழுதிக் கொடுத்திட்டு வாங்களன். பொழுது படுகுது!"

அப்படியே எழுதினேன். நசீர் மாஸ்டர் வாசித்துப் பார்த்தார். "அண்ணன், 12.10 எண்டு போட்டிருக்கீங்க. என்ட கார் மணிக்கூட்டில 12.12."

மோதலின் நேரம் ஞாபகம் இருக்கிறது. மகளின் கோல் மட்டும் இல்லை! பல்லைக் கடித்துக்கொண்டு 'ஏறத்தாழ' என்று சேர்த்துக் கையொப்பமிட்டேன்.

பிழை ஆளுக்குப் பாதி என்று நிறுவனம் முடிவு செய்தது. அவருடைய கீறல் மறைந்துவிட்டது. என் டிக்கியின் பாதிச் செலவை அவருடைய காப்புறுதி ஏற்றது. தட்டி நிமிர்த்திப் புது வெளிச்சம் போட்டாயிற்று, நிறம் அடிக்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். "பாதி வாங்கியும் கை சுடேல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறுகிறாள்.

ஆனால் நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமையின் பக்கம் இன்னும் மூடப்படவில்லை. 'மோதிய வேளையில் நசீர் மாஸ்டர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்' என்று எழுதி, பக்கத்தில் 'அவர் சொன்னது. சரிபார்க்கப்படவில்லை' என்று குறித்திருக்கிறேன். அவருடைய போனை வாங்கிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்.

நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அப்படி ஒரு அழைப்பே இல்லை, எனக்காகத்தான் சொன்னார் என்று தெரியவந்தால்? வேண்டாம்... இப்போதைக்கு இருக்கிற பொறாமையே எனக்குப் போதும்.